பூதக்கண்ணாடியும் பதினேழு நீல டிஸ்க்குகளும்

பொய் சொல்பவர்களில் பல ரகம் உண்டு. ஆனால் பந்தய பிரேக்கை உடைத்து எடுத்துக்கொண்டு வந்து, "நான் ட்ராக் பக்கமே போகலீங்க" என்று கண்ணைப் பார்த்துச் சொல்கிறவனைப் போல முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவன் வேறெங்கும் கிடைக்க மாட்டான். அப்படிப்பட்டவர்களைப் பத்தொன்பது வருடமாகக் கையும் களவுமாகப் பிடித்து வந்தவளின் கதை இது.

வேகக் கார்களுக்கான பிரேக், கிளட்ச், ஸ்பிரிங் எல்லாம் செய்து விற்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. வாங்கி இரண்டு வருடத்துக்குள் ஒரு பொருள் உடைந்தால் கழற்றிப் பெட்டியில் போட்டு அனுப்பலாம், கம்பெனி புதிது கொடுக்கும். உத்தரவாத அட்டையின் முன்பக்கம் முழுக்க இதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போல ஒரே ஒரு வரி: பந்தயத் தடத்தில் ஓட்டிய பொருளுக்கு உத்தரவாதம் செல்லாது. முன்பக்கத்துப் படத்தில் கார் பறப்பதே பந்தயத் தடத்தில்தானே என்று யாராவது கேட்டால், விற்பனைப் பிரிவுக்காரர்கள் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

உடைந்தவை வந்து சேரும் அறை, கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. ஒரு இரும்பு மேசை, கழுத்தை வளைத்துத் திருப்பக்கூடிய விளக்கு, இரண்டு முத்திரைகள். பச்சை முத்திரை குத்தினால் புதிது போகும். சிவப்பு முத்திரையில் 'ட்ராக்' என்று இருக்கும், அது விழுந்தால் வாடிக்கையாளருக்குக் கடிதம் போகும், பொருள் முற்றத்து மூலையில் கூரைக்கடியில் நனையாமல் இருக்கும் இரும்புத் தொட்டிக்குப் போகும். வருடத்துக்கு ஒருமுறை பழைய இரும்பு லாரி வந்து தொட்டியை வழித்துக்கொண்டு போகும்.

அவள் கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். பெட்டிகளைப் பிரித்துக் கொடுக்கும் பார்சல்காரர் நேரில் அவளை "மேடம்" என்பார், முதுகுக்குப் பின்னால் "பூதக்கண்ணாடி" என்பார். அவள் எரிந்து விழுந்த நாட்களில் பேரின் பின்பாதியை விட்டுவிடுவார். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

பெட்டிக்குள் வரும் படிவங்களைப் படிப்பது அவளுக்குக் காலைக் காப்பியைவிடச் சுவையானது. "பால் வாங்கப் போகும்போது உடைந்தது." பால் வாங்கப் போனவரின் பிரேக் பேட் கரிக்கட்டையாகி இருக்கும். "மாமியாரை ஆஸ்பத்திரிக்கு மெதுவாக அழைத்துப் போனேன்." பெட்டிக்குள்ளேயே, போட்டி எண் போட்ட ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். "நிறுத்தி வைத்த இடத்திலேயே உடைந்துவிட்டது, எங்களுக்கே ஆச்சரியம்." அவளுக்கு ஆச்சரியமே இல்லை. சிவப்பு முத்திரை.

அவளுடைய வழிமுறை எளிது. பிரேக் செட்டாக வந்தால் முதலில் டிஸ்க்கை விளக்கடியில் வைப்பாள். சக்கரத்தோடு சுற்றும் அந்த வட்டத் தட்டு பயங்கரமாகச் சூடேறினால் நீலம் பூத்துவிடும். சாதாரணத் தெருவில் அந்தச் சூடு ஏறாது. டிஸ்க் நீலமா, முத்திரை சிவப்பு. மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மூன்று மூச்சு விடும் நேரத்தில் தீர்ப்பு முடிந்துவிடும். புதிதாய் வந்தவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். காரின் குடல்வரை கரைத்துக் குடித்த இந்தப் பெண்மணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலையும் மாலையும் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் வருவாள், போவாள்.

அந்த வாரம் அவளைத் தலைமைப் பரிசோதகர் ஆக்குவதாகப் பேச்சு. மேலாளர் சிபாரிசுக் கடிதத்தை அடித்தே வைத்துவிட்டார், வெள்ளிக்கிழமை மேலிடத்துக்குப் போக வேண்டியது பாக்கி. கடிதத்தின் முதல் வரியை அவளுக்குப் படித்தும் காட்டினார்: "பத்தொன்பது வருடத்தில் இவருடைய ஒரு தீர்ப்புகூடத் தவறியதில்லை." அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று முழுக்க யார் மேலும் எரிந்து விழவில்லை. பார்சல்காரர் பயந்துபோய் உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்.

திங்கட்கிழமை அந்தப் பெட்டி வந்தது.

அனுப்பியிருந்தவர் ஒரு நர்ஸ். படிவத்தில் 'பந்தயத் தடத்தில் ஓட்டினீர்களா?' என்ற கேள்விக்கு எதிரே நீல மையில், கோணல் மாணல் இல்லாமல் எழுதியிருந்தார்: "ஆமாம். ஒன்பது சுற்று. பத்தாவது சுற்றில், மெதுவான வளைவில் உடைந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பே, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வேகத்தடை ஏறும்போதெல்லாம் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்."

அவள் படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள். பத்தொன்பது வருடத்தில் 'ஆமாம்' என்ற சொல்லை அந்தக் கட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"என்ன மேடம், சொத்து எழுதி வச்சிருக்காங்களா?" என்றார் பார்சல்காரர்.

"ஆமான்னு எழுதியிருக்காங்க."

"எதுக்கு ஆமா?"

"ட்ராக்ல ஓட்டினேன்னு."

அவர் வந்து எட்டிப் பார்த்தார். "பாவம், உலகம் தெரியாத பொண்ணு."

சட்டப்படி சிவப்பு குத்தி வீச வேண்டியதுதான். கை முத்திரைக்குப் போனது. ஆனால் உண்மை சொன்னவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? பெட்டியில் இருப்பதை முழுசாகப் பார்த்துவிட்டாவது குத்துவோம் என்று நினைத்தாள். டிஸ்க் பளபளவென்று இருந்தது, நீலத்தின் சாயல்கூட இல்லை. உடைந்திருந்தது பிராக்கெட். பிரேக்கை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கும், உள்ளங்கை அகல இரும்புத் தாங்கி. அதன் உடைந்த வாயைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பாதி வெள்ளி மாதிரி மின்னியது, மீதி பாதி பழுப்பாகத் துருவேறியிருந்தது.

பத்தாவது சுற்றில் படக்கென்று உடைந்தது என்றால் முழுவதும் மின்ன வேண்டும். துரு ஒரு நாளில் ஏறாது. அப்படியானால் தடத்துக்குப் போவதற்கு முன்பே, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே விரிசல் விட்டிருக்கிறது. பழுப்பு தொடங்குகிற மூலையில் கடுகளவு ஒரு குழி தெரிந்தது. இரும்பை உருக்கி வார்த்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ். இது ஓட்டினவர் செய்த தப்பு இல்லை, கம்பெனி செய்த தப்பு.

அப்போதுதான் அவளுக்கு அடுத்த நினைப்பு வந்தது. இந்த வருடம் பிராக்கெட் உடைந்து வந்த மற்ற செட்டுகள்? எல்லாவற்றிலும் டிஸ்க் நீலமாக இருந்தது. ஒன்றின் பிராக்கெட்டைக்கூட அவள் தொட்டுப் பார்த்ததில்லை.

பார்சல்காரரைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். இருவரும் தொட்டிக்குள் இறங்கினார்கள். அவர் வாழ்நாளில் பார்த்திராத காட்சி அது, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடம் பழைய இரும்பில் முழங்கால் புதைய நிற்பது. சாயங்காலத்துக்குள் பதினேழு பிராக்கெட் கிடைத்தன. மேசையில் வரிசையாக அடுக்கி விளக்கைத் திருப்பினாள். பதினேழிலும் பாதி வெள்ளி, பாதி பழுப்பு. பதினேழிலும் அதே மூலையில் கடுகளவு குழி.

"அவங்க எல்லாரும் ட்ராக்ல ஓட்டினவங்கதானே மேடம்?" என்றார் பார்சல்காரர் மெல்ல.

"ஓட்டினவங்கதான். ஆனா உடைஞ்சது அதனால இல்ல. அவங்க பொய்யப் பிடிக்கிற அவசரத்துல நான் இதப் பாக்கவே இல்ல."

"புதன்கிழமை பழைய இரும்பு லாரி வருது..." என்று அவர் இழுத்தார். இழுத்ததோடு நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷன்.

அவளும் மனுஷிதானே. லாரி வந்தால் பதினேழும் போய்விடும். வெள்ளிக்கிழமை கடிதம் போய்விடும். இந்த நினைப்பு மனதில் ஓடவே இல்லை என்று சொன்னால் நானும் அந்தப் பூசணிக்காய்க் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது, போக்குவரத்து இரைச்சலுக்கு மேலே கத்தி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"போன மாசம் உன் டீக் கப்ப உடைச்சிட்டு, தானா விழுந்துச்சுன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கென்ன இப்ப?"

"உடைஞ்ச துண்ட எடுத்து வச்சு, எந்தக் கையில பிடிச்சிருந்தேன்னு சொன்னியே. அன்னிக்கு நான் ஒத்துக்கிட்டதும் சிரிச்சுட்ட. ஒத்துக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் நான் பட்ட பாடு இருக்கே! உடைச்சதவிட அதுதான் கஷ்டம். நாளைக்குக் காலைலயே சொல்லிடு."

சிக்னல் பச்சை விழுந்தது. அவள் அவர் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மேலாளரின் மேசையில் பதினெட்டு பிராக்கெட்டுகளைப் பரப்பினாள். அவர் பார்த்தார், பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்லக் கூடாது, அடுத்த பத்து நிமிடத்தில் கிடங்கிலிருந்து அந்த வார்ப்பில் வந்த ஒரு பிராக்கெட்டும் வெளியே போகாமல் நிறுத்திவிட்டார். வாங்கியிருந்த முந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் வண்டியை எடுக்க வேண்டாம் என்று அன்றே செய்தி போனது. அதற்குப் பிறகுதான் இழுப்பறையைத் திறந்து சிபாரிசுக் கடிதத்தை வெளியே எடுத்தார்.

"இந்த முதல் வரிய என்னம்மா பண்றது?"

"அடிச்சிடுங்க சார்."

"அத அடிச்சா கடுதாசில பெருசா ஒண்ணும் இல்லையே."

"இல்லன்னா இல்லாமலே போகட்டும் சார்."

அவர் பேனாவை எடுத்து, நிதானமாக, ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோடு போகிற சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது.

பிறகு ஒரு வேலை கொடுத்தார். பதினேழு பேருக்கும் புதுச் செட் போகும். ஆனால் விரிசல் எவ்வளவு ஓட்டத்தில் வளர்கிறது என்று கணக்கிட, அவர்கள் நிஜமாக எப்படி ஓட்டினார்கள் என்று வார்ப்புப் பிரிவுக்குத் தெரிய வேண்டும். அவளே போன் போட்டுக் கேட்க வேண்டும்.

இங்கேதான் கூத்து. தானம் கொடுக்கிறவள் கெஞ்ச, வாங்குகிறவர்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்கள்.

"சார், புதுசு இலவசமா அனுப்பறோம். எத்தன சுத்து ஓட்டினீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"சுத்தா? என்ன சுத்து?" என்றார் முதலில் மாட்டிய பல் டாக்டர். "ட்ராக் எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா."

பின்னாலிருந்து ஒரு குழந்தைக் குரல் கேட்டது: "அப்பா, உங்க ரேஸ் கப்ப எங்க வைக்கிறது?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல மறுமுனையில் குரல் கம்மியது. "அது... அது சதுரங்கத்துல வாங்கினதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டாவது ஆள் வக்கீலைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மூன்றாவது ஆள் தன்னிடம் கார் இருப்பதையே மறுத்தார். நாலாவது ஆளை அழைப்பதற்கு முன்னால் அவள் போனை மேசையில் வைத்துவிட்டு யோசித்தாள். பத்தொன்பது வருடமாக அதட்டிய குரல் இது. இந்தக் குரல் இலவசம் என்று சொன்னால் வடை வைத்த பொறியில்கூட எலி நுழையாது. நாலாவது ஆளிடம் வேறு மாதிரி ஆரம்பித்தாள்.

"சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்க பிராக்கெட்டப் பாக்காமலே முத்திரை குத்திட்டேன். அது எங்க வார்ப்புல இருந்த கோளாறு. உங்களுக்குக் காட்டமா கடுதாசி வேற போட்டேன். மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு. பிறகு, "இருபத்திரெண்டு சுத்து மேடம். அதுல ரெண்டு ரொம்ப ஓவர்."

பிறகு அணை உடைந்தது போலத்தான். ஒருவர் முப்பது சுற்று என்றார். ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் போனதைச் சொல்லி, மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். முதல் மூன்று பேரையும் மறுபடி அழைத்தாள். பல் டாக்டர் அரை மணி நேரம் ஒவ்வொரு வளைவாக விவரித்தார், கோப்பை மூன்றாம் பரிசுக்குரியதாம். வியாழக்கிழமை மாலைக்குள் பதினாறு பேர் ஒப்புக்கொண்டார்கள்.

பதினேழாமவர் மட்டும் அசையவில்லை.

"நான் போகலம்மா."

"சார், நானே என் தப்ப ஒத்துக்கிட்டேன். நீங்களும்..."

"போயிருந்தாத்தானே ஒத்துக்க முடியும்? அப்பவே பதினொரு பக்கம் எழுதினேனே, நீங்க படிக்கல."

படிக்கவில்லைதான். டிஸ்க் நீலமாக இருந்தது, அதுவும் பதினேழிலும் அழுத்தமான நீலம் அவருடையதுதான். ஆள் பெரிய கில்லாடி என்று நினைத்திருந்தாள். சனிக்கிழமை, புது செட்டை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் அவர் முகவரிக்குப் போய் இறங்கினாள்.

வாசலில் பலகை தொங்கியது: கார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி.

அவள் பலகையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து ஒல்லியான, அறுபதை ஒட்டிய ஒரு மனிதர் வந்தார். கதையை நின்றவாக்கிலேயே சொன்னார். ஒரு நாளைக்கு எட்டு மாணவர்கள். தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற்றி இறக்கித்தான் பழக்குவார். இறங்கும்போது உச்சியிலிருந்து அடிவரை ஒருவரும் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதில்லை. அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, பயத்தில் அவரும் மிதிப்பார். டிஸ்க் நீலமாகாமல் என்ன செய்யும்?

"அதுக்கு எதுக்கு சார் பந்தய பிரேக் வாங்கினீங்க?"

"பக்கத்துல உக்காந்திருக்கறது நான்தானேம்மா? கடையில இருக்கறதுலயே நல்ல பிரேக் எதுன்னு கேட்டேன். உசிரு என்னோடதாச்சே!"

அவளுக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. பதினாறு பேர் பொய் சொன்னார்கள், பொய் என்றுதான் தெரிந்துகொண்டாள். ஒருவர் உண்மை சொன்னார், அதையும் பொய் என்றே முத்திரை குத்தியிருக்கிறாள். கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். "அந்தக் கடுதாசியக் குடுங்க சார், கிழிச்சுப் போட்டுடறேன். வேற எழுதித் தர்றேன்."

அவர் காரைத் திறந்து, முன்சீட்டுக்கு எதிரே இருந்த சின்னப் பெட்டியிலிருந்து அதை எடுத்தார். பளபளவென்று லேமினேட் செய்து வைத்திருந்தார். "உங்கள் வாகனம் பந்தய வீரருக்குரிய வேகத்தில், தொடர்ந்து பல மணி நேரம் ஓட்டப்பட்டதற்கான தெளிவான சான்றுகள் உள்ளன" என்று அவள் கையெழுத்தோடு இருந்தது.

"இதத் தர மாட்டேன்" என்றார் அவர். "முப்பத்தோரு வருஷமா இருபதுக்கு மேல ஓட்டினதில்ல. சைக்கிள்காரங்க என்னத் தாண்டிப் போவாங்க, என் சம்சாரம் கேலி பண்ணுவா. என்னப் பந்தய வீரன்னு எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டது உலகத்துலயே நீங்க ஒருத்தங்கதாம்மா. ஒவ்வொரு பேட்ச் பசங்களுக்கும் காட்றேன்."

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். கடிதத்தை அவரிடமே விட்டுவிட்டாள்.

"உங்களுக்கு ஓட்ட வருமா?" என்று கேட்டார் அவர்.

வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் அவளுக்கு முன்னால் முந்திக்கொண்டார். "வராது சார், வராது! ஏத்திக்குங்க!"

புது செட்டைப் பொருத்திய மறுநாளே வகுப்பு ஆரம்பித்தது. சிபாரிசுக் கடிதமும் ஒரு வரி குறைந்து மேலிடத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் நல்லபடியாகத் திரும்பி வந்தது. தலைமைப் பரிசோதகராக அவள் செய்த முதல் காரியம், படிவத்திலிருந்து அந்தக் கேள்வியை எடுத்ததுதான். அதற்குப் பதில் இப்படிப் போட்டாள்: 'யார், எங்கே, எப்படி ஓட்டினீர்கள்? எதுவானாலும் பொருளைப் பார்த்த பிறகே முடிவு செய்வோம்.' நர்ஸுக்குப் புது செட்டோடு தன் கைப்பட ஒரு நன்றிக் கடிதமும் அனுப்பினாள்.

மூன்று மாதம் கழித்துப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பார்சல்காரர் பிரித்தார், டிஸ்க் ஆழ்ந்த நீலம். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பிராக்கெட்டைப் பார்த்தாள், கல் மாதிரி இருந்தது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் இரண்டும் தேய்ந்து தகடாகியிருந்தன. பிறகுதான் படிவத்தை எடுத்தாள்.

"ஓட்டியவர்: உங்கள் தலைமைப் பரிசோதகர். இடம்: தண்ணீர்த் தொட்டி மேடு. காலை எடுங்கள் என்று நானும் தொண்டை கிழியக் கத்திவிட்டேன்."

பார்சல்காரர் படித்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அவள் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடியில் இன்னொரு முறை முழுசாகப் பார்த்தாள். தேய்மானத்துக்கு உத்தரவாதம் கிடையாது, அது யார் கால் என்றாலும் சட்டம் ஒன்றுதான். 'புதிது இல்லை' என்று எழுதி, அடியில் காரணம் என்ற கட்டத்தில் "ஓட்டியவரின் தவறு, ஒப்புக்கொள்கிறேன்" என்று போட்டுக் கையெழுத்திட்டாள்.